நாட்டுச்சர்க்கரை குக்கீஸ்: மெத்துனு சுடுறதும் நஷ்டமில்லாம விற்கிறதும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், உணவுப்பொருள் தயாரிக்கும் குழுக்களுக்கான அமர்வில் ஆற்றிய உரை)



பெண்ணாடத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் கரும்பு. விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கம் போனால் முந்திரி. இந்த ரெண்டையும் கையில வச்சுக்கிட்டு, பிள்ளைங்களுக்கு டவுன் கடையில குக்கீஸ் வாங்கித் தர்றோம். அதை நாமே செய்யலாமே என்று மூணு நாலு குழுக்கள் கேட்டிருக்காங்க. செய்யலாம். செய்முறையும் சொல்றேன், கணக்கும் சொல்றேன். ரெண்டையும் சேர்த்தே கேளுங்க.

குக்கீஸ் மெத்துனும் கொஞ்சம் இழுவையாவும் இருக்கக் காரணம் பிரவுன் சுகர். அது என்ன பெரிய பொருளா? ஆலையில வெள்ளைச் சர்க்கரை எடுக்கும்போது பிரிஞ்சு போற மொலாசஸ் பாகு, பிரவுன் சுகர்ல ஒட்டியிருக்கு, அவ்வளவுதான். அந்தப் பாகு ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். அதனாலதான் பிஸ்கெட் காயாம இருக்கு. நம்ம நாட்டுச்சர்க்கரையில பாகைப் பிரிக்கிறதே இல்லை. ஆகவே அதே வேலையை அது செய்யும். பழுப்பு நிறமா இருக்கிறதையே வாங்குங்க. பளிச்சுனு மஞ்சளா இருந்தா நிறத்துக்காக ஏதாவது கலந்திருக்கலாம்.

அளவு சொல்றேன், எழுதிக்குங்க. வெண்ணெய் 100 கிராம், நாட்டுச்சர்க்கரை 130 கிராம், வெள்ளைச் சர்க்கரை 30 கிராம், முட்டை 1, மைதா 170 கிராம், ஆப்ப சோடா அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், ஏலக்காய்த் தூள் கொஞ்சம். உடைச்ச முந்திரி இருந்தா ஒரு கைப்பிடி. டம்ளர் அளவு வேண்டாம், தராசு வேணும். கட்டி தட்டின நாட்டுச்சர்க்கரையும் உதிரியும் ஒரே டம்ளர்ல ஒரே எடை நிற்காது.

வெண்ணெயை உருக்கணும், நெய்யாக் காய்ச்சக் கூடாது. காய்ச்சினா அதிலிருக்கிற தண்ணி போயிடும், பிஸ்கெட் பொடிப்பொடியா உதிரும். ஆறினதும் சலிச்ச சர்க்கரை சேர்த்து அடிச்சு, முட்டை விட்டுக் கலக்குங்க. மைதா, சோடா, உப்பு, ஏலக்காயைச் சலிச்சுச் சேர்த்து, மாவு தெரியாத அளவுக்குக் கலந்தா போதும். சப்பாத்திக்குப் பிசையிற மாதிரி பிசைஞ்சா கடினமாகிடும். மாவை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில வைக்கணும். இல்லைன்னா தட்டுல ஓடிப் பரவிடும். 30 கிராம் உருண்டையா உருட்டினா 16 வரும்.

ஓவன் இருந்தா 175 டிகிரியில 10, 11 நிமிஷம். இல்லைன்னா அடிகனமான பாத்திரத்துல கல்லுப்பைப் பரப்பி, உள்ளே ஒரு ஸ்டாண்ட் வச்சு, மூடி 10 நிமிஷம் சூடாக்குங்க. தட்டை வச்சுச் சின்னத் தீயில 15லிருந்து 18 நிமிஷம். ஓரம் இறுகி, நடுவுல இன்னும் வேகலையோன்னு தோணும்போதே எடுத்துடணும். தட்டுல இருக்கிற சூட்டுலேயே மீதி வெந்துடும். நடுவும் இறுகட்டும்னு காத்திருந்தா, ஆறினப்புறம் கல்லு மாதிரி ஆகும். நாட்டுச்சர்க்கரை மூட்டைக்கு மூட்டை மாறும். புது மூட்டை பிரிச்சா, முதல்ல நாலே நாலு சுட்டுப் பார்த்துட்டு மீதியைச் சுடுங்க.

இனி கணக்கு. விலை ஊருக்கு ஊர் மாறும், ஒரு உதாரணம் போடுவோம். 16 பிஸ்கெட்டுக்கு எல்லாப் பொருளும் சேர்த்து 90 ரூபாய், கேஸ் 10 ரூபாய். நாலு நாலாப் போட்டா 4 பாக்கெட். கவருக்கும் லேபிளுக்கும் பாக்கெட்டுக்கு 4 ரூபாய் வீதம் 16. ஆக 116. பாக்கெட்டுக்கு 29 ரூபாய். 35 ரூபாய்க்கு வித்தா 6 ரூபாய் லாபம்னு நோட்டுல எழுதுவோம். ஆனா கலந்து, உருட்டி, மூணு தடவையாச் சுட்டு, பாக்கெட் போட ஒன்றரை மணி நேரம் ஆகுதே, அது யாரோடது? மணிக்கு 50 ரூபாய்னு போட்டாலும் 75 சேர்ந்து மொத்தம் 191. பாக்கெட்டுக்கு ஏறக்குறைய 48 ரூபாய். அப்போ 35க்கு வித்தா ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 13 ரூபாய் நம்ம கையிலிருந்து போகுது. பணமாப் போகாம உழைப்பாப் போறதால நமக்குத் தெரியறதில்லை.

வயலுக்குக் களை எடுக்கப் போனா கூலி கேட்கிறோம். நம்ம அடுப்படியில வேலை செஞ்சா மட்டும் ஏன் சும்மா? குழு நோட்டுல கூலிக்குன்னு தனியா ஒரு பத்தி போடுங்க. இது என் முதல் வேண்டுகோள்.

ரெண்டாவது, ஓவன் கடன். பெரிய ஓவன் வாங்கலாம்னு தீர்மானம் வந்திருக்கு. வேண்டாம்னு சொல்லலை, இப்போ வேண்டாம்னு சொல்றேன். ஓவன் வந்தா ஒரே நேரத்துல நிறையச் சுடலாம், பாக்கெட்டுக்கான உழைப்பு நேரம் குறையும், உண்மைதான். ஆனா வாங்குறவங்க இல்லாம ஓவன் மட்டும் இருந்தா, தவணைதான் மாசாமாசம் வந்து நிக்கும். 1959ல மும்பையில ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன்ல அப்பளம் போட ஆரம்பிச்சதுதான் இன்னைக்கு நாடு முழுக்கத் தெரிஞ்ச லிஜ்ஜத். அவங்க சின்னதாத்தான் ஆரம்பிச்சாங்க. நாமும் மூணு மாசம் பாத்திரத்துலேயே சுடுவோம். பள்ளிக்கூடம், டீக்கடை, ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துக் கடைன்னு வாராவாரம் எத்தனை பாக்கெட் போகுதுன்னு எழுதுவோம். அந்த வரவு தவணையைத் தாங்கும்னு நோட்டு சொன்னா, கையெழுத்துப் போடுவோம்.

மூணாவது, லேபிள். மெத்துனு இருக்கிற பண்டத்துல ஈரம் அதிகம். மொறுமொறு பிஸ்கெட் மாதிரி மூணு மாசம் தாங்கும்னு எழுதக் கூடாது. ஒவ்வொரு தடவை சுடும்போதும் ஒரு பாக்கெட்டை எடுத்து வச்சுத் தினமும் பாருங்க. எத்தனை நாள் நல்லா இருக்கோ அதுக்கும் ரெண்டு நாள் குறைச்சே தேதி போடுங்க. முட்டை சேர்த்தா பச்சை வட்டம் போடக் கூடாது, பழுப்பு முக்கோணம்தான். கோயில் வாசல் கடையில விக்கப் போறவங்க இதைக் கட்டாயம் கவனிக்கணும். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் வேணும். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள்ள இருந்தா ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணத்துல பதிவு என்று 2011ஆம் ஆண்டு விதிகள் வச்சது. இப்போதைய நடைமுறையை அலுவலகத்துல கேட்டுக்கிட்டுப் பதியுங்க.

சகோதரிகளே, பண்டம் மெத்துனு இருக்கட்டும், கணக்கு மட்டும் கறாரா இருக்கட்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு பாக்கெட் குக்கீஸும், கூலிப் பத்தி எழுதின நோட்டும் கொண்டு வாங்க. ருசி பார்த்துட்டு, விலையைச் சேர்ந்தே முடிவு பண்ணுவோம்.