பொன்னாடையும் சாக்பீசும்

(ஆசிரியர் நாளையொட்டி நம் சங்கத்தின் தாராவிக் கிளை கூட்டிய பெற்றோர் கூட்டத்தில், கல்விக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



போன ஆண்டு இதே செப்டம்பர் 5 அன்று நம் வட்டாரத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்தினோம். நல்ல சரிகைக் கரை போட்ட பொன்னாடை. ஒலிபெருக்கியில் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, கைதட்டி, படம் எடுத்து, மறுமாத இதழில் போட்டும் விட்டோம். பிறகு மறந்துவிட்டோம். ஜனவரியில் ஒரு வேலையாக எங்கள் குழு ஒரு மாநகராட்சிப் பள்ளிக்குப் போனபோது, மூன்றாம் வகுப்பு அறையில் அந்தப் பொன்னாடையைப் பார்த்தோம். இரண்டு ஆணிகளுக்கு நடுவே கயிறு கட்டி அதில் தொங்கவிட்டிருந்தார்கள். அதன் பின்னால் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து, காகிதத்தில் செய்த நரியையும் காக்கையையும் ஆட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாம் போர்த்திய பொன்னாடை பொம்மலாட்டத்துக்குத் திரையாகியிருந்தது!

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஆசிரியைக்கோ சங்கடம். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. திரைக்குத் துணி வாங்கணும்னு ரெண்டு மாசமா தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். இந்த மாசம் ஜெராக்சுக்கே காசு போயிருச்சு" என்றார். அப்போதுதான் கேட்டோம்: ஜெராக்சுக்கு யார் காசு? அவர் கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். வீட்டுக்காரர் கணக்குக் கேட்பார் என்று எழுதி வைக்கிறாராம்.

அந்த நோட்டில் என்ன இருந்தது? சார்ட் தாள். ஸ்கெட்ச் பேனா. பசை. பென்சிலும் ரப்பரும், கொண்டு வராத பிள்ளைகளுக்காக. அலமாரிக்கு ஒரு பூட்டு. பீனாயில். சானிட்டரி நாப்கின், மேல் வகுப்புப் பெண் பிள்ளைகள் அவசரத்துக்கு வந்து நிற்பதால். இரண்டு இடத்தில் 'பிஸ்கட்' என்று எழுதி, ஒரு பையனின் பெயர் மட்டும் போட்டிருந்தார். அதைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை. பெரிய செலவு ஜெராக்ஸ்தான். 35 பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய்: ஒரு முறைக்கு 140 ரூபாய். வாரம் ஒரு முறை என்றால் மாதம் 560. பரீட்சை மாதத்தில் அதற்கும் மேலே.

ஏன் இத்தனை ஜெராக்ஸ்? இங்கேதான் தமிழ்ப் பள்ளியின் தனிக் கஷ்டம் இருக்கிறது. ஒரே கட்டிடத்தில் மராத்திப் பள்ளியும் உருதுப் பள்ளியும் தமிழ்ப் பள்ளியும் நடக்கிற ஊர் இது. மராத்தி ஆசிரியைக்குப் படம் வேண்டும், கதைப் புத்தகம் வேண்டும் என்றால் தாதரில் இறங்கினால் போதும். நம் ஆசிரியை எங்கே போவார்? மாட்டுங்காவில் பஞ்சாங்கமும் பக்திப் புத்தகமும் கிடைக்கும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கப் படக்கதை வேண்டுமென்றால் தேடித்தான் அலைய வேண்டும். ஆகவே மே மாத விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் திருநெல்வேலியிலும் நாகர்கோவிலிலும் வாங்கி, பை நிறைய ரயிலில் தூக்கி வருகிறார்கள். நாம் அரிசியும் வற்றலும் கொண்டு வருகிற அதே வண்டியில் அவர்கள் அரிச்சுவடி அட்டை கொண்டு வருகிறார்கள். வாங்கி வந்த ஒரு புத்தகம் 35 பேருக்குப் போதாது. அதனால் ஜெராக்ஸ்.

இதைக் கேட்டதும் நம்மில் சிலர் என்ன சொல்வார்கள் என்று தெரியும். சொல்லியும் இருக்கிறார்கள். "மாநகராட்சி வாத்தியாருக்குக் கை நிறையச் சம்பளம். நாம தோல் பட்டறையில பன்னிரண்டு மணி நேரம் குனிஞ்சு கிடந்தாலும் அதில் பாதி வராது. போடட்டுமே!" தோழர்களே, இதில் நியாயமே இல்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். நிரந்தர ஆசிரியரின் சம்பளம் நம் சம்பளத்தைவிட அதிகந்தான். ஆனால் பெஸ்ட் பஸ் ஓட்டுகிறவர் டீசலுக்குத் தன் காசு போடுகிறாரா? பட்டறையில் நூலையும் ஊசியையும் நம் தலையில் கட்டப் பார்த்த முதலாளியிடம் நாம் என்ன சொன்னோம்? 'கூலி எங்கள் உழைப்புக்கு. நூல் உன் கணக்கு' என்றுதானே சொன்னோம்? ஆசிரியைக்கு மட்டும் வேறு நியாயமா?

தவிர, எல்லா ஆசிரியரும் நிரந்தர ஆசிரியர் அல்ல. தனியார் தமிழ்ப் பள்ளிகளில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்கள் நம் சந்துகளிலேயே குடியிருக்கிறார்கள். அங்கன்வாடிப் பணியாளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குச் சம்பளம் என்று கூடச் சொல்வதில்லை, மதிப்பூதியம் என்கிறார்கள். 2018 அக்டோபரில் மத்திய அரசு அதை 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆக்கியது. மாநில அரசு அதன்மேல் தன் பங்கைச் சேர்க்கிறது. 2023 டிசம்பரில் மகாராஷ்டிரத்து அங்கன்வாடிப் பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி, அடுத்த ஜனவரி வரை நின்றார்களே, அது சும்மாவா? அவர்களும் பிள்ளைகளுக்காகக் கைக்காசு போடுகிறவர்கள்தான். யாரிடம் குறைவாக இருக்கிறதோ அவர் கையிலிருந்துதான் அதிகம் போகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த மூன்றாம் வகுப்புச் சுவரெல்லாம் படம். அடுத்த அறையின் சுவர் மொட்டைச் சுவர். அந்த ஆசிரியருக்கு வீட்டில் நோய், மருந்துச் செலவு, அவரால் முடியவில்லை. அவரை நாங்கள் குறை சொல்லமாட்டோம். ஆனால் அந்த வகுப்பில் விழுந்த பிள்ளை என்ன பாவம் செய்தது? ஒரு பிள்ளைக்குப் படம் பார்த்துப் படிக்கக் கிடைப்பதும் கிடைக்காததும் ஆசிரியை வீட்டு வரவு செலவைப் பொறுத்தா இருக்க வேண்டும்? நாளைக்கே அந்த அம்மாவுக்கு மாற்றல் வந்தால் அந்தச் சுவரும் மொட்டைச் சுவர்தான்.

பணம் இல்லையா? இருக்கிறது. மும்பை மாநகராட்சி 2024-25 ஆம் ஆண்டுக்குக் கல்விக்கென்று ஒதுக்கியது ஏறத்தாழ 3,500 கோடி ரூபாய். அது யார் வீட்டுப் பணம்? 'நீங்கள் வரி கட்டாதவர்கள்' என்று குடிசைவாசியைப் பார்த்துச் சொல்கிறார்கள். 2004 இல் மத்திய அரசு கல்வி செஸ் என்று வரிக்கு மேல் நூற்றுக்கு 2 வீதம் போட்டது. 2007 இல் அது 3 ஆயிற்று. உற்பத்தி வரியின் மீதும் அது இருந்தது. ஆகவே 2015 வரை நாம் வாங்கிய சோப்புக் கட்டியில்கூடப் பள்ளிக்கூடத்துக்கான காசு இருந்தது. வருமான வரியின் மீது 2018 முதல் சுகாதாரத்துக்கும் கல்விக்குமாக நூற்றுக்கு 4. வரி கட்டும் ஆசிரியை அதையும் கட்டிவிட்டு, பிறகு கடைக்குப் போய்ச் சார்ட்டும் வாங்குகிறார். 1882 ஆம் ஆண்டிலேயே இந்த மண்ணின் ஜோதிராவ் புலே, அன்றைய ஹண்டர் கல்விக் குழுவின் முன், உழவனின் உழைப்பிலிருந்து வரும் வரிப்பணம் மேட்டுக்குடியின் உயர்கல்விக்குப் போகிறது, உழவன் பிள்ளைக்குத் தொடக்கக் கல்விகூட இல்லை என்று எடுத்து வைத்தார். நூற்று நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் நாம் சாக்பீஸ் கணக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சட்டமும் இருக்கிறது. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் அட்டவணையில், ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான கற்பித்தல் கருவிகள் தரப்பட வேண்டும், ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் வேண்டும், அதில் கதைப் புத்தகங்கள் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கதைப் புத்தகம் என்று சட்டத்திலேயே இருக்கிறது தோழர்களே! முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அரசியல் சட்டத்தின் 350 ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யச் சொல்லி 1956 முதல் நிற்கிறது. ஆகவே நாம் கேட்பது தருமம் அல்ல.

பிறகு எங்கே தடுக்கிறது? அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் காலத்தில் ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் கற்பித்தல் பொருளுக்கென்று வந்தது. 2018 இல் பள்ளிக்கு மொத்தமாகத் தொகுப்பு மானியம் என்று ஆக்கினார்கள். மத்திய அரசின் வரையறைப்படி 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். 100 வரை 25,000. 250 வரை 50,000. தலையை எண்ணித்தான் பணம். நம் பள்ளியில் 90 பிள்ளைகள் என்று வையுங்கள். 25,000 இல் பத்தில் ஒரு பங்காவது துப்புரவுக்குப் போக வேண்டும். மீதி 22,500. பிள்ளைக்கு ஆண்டுக்கு 250 ரூபாய். அதற்குள் பழுதான கருவி, விளையாட்டுச் சாமான், சாக்பீஸ், சார்ட் எல்லாம். பள்ளி திறப்பது ஜூனில். பணமோ பல நேரம் ஆண்டுக் கடைசியில் வருகிறது, மார்ச் 31க்குள் செலவழி என்ற அவசரத்தோடு. பில் வேண்டும் என்பார்கள். சந்து முனைக் கடைக்காரர் ஜி.எஸ்.டி. பில்லுக்கு எங்கே போவார்? 'இதுக்கெல்லாம் எழுதிப் போட்டு அலைவானேன்' என்று ஆசிரியை தன் பர்சைத் திறக்கிறார். அந்தச் செலவு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. கணக்கில் ஏறாததால், தேவையே இல்லை என்று மேலிடம் நினைத்துக்கொள்கிறது. அவருடைய நல்ல மனசே அடுத்த ஆண்டும் பணம் வராமல் செய்கிறது, அதுதான் கொடுமை.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். அதே சட்டத்தின் 21 ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது அந்தக் குழுவின் வேலை. நம்மில் எத்தனை பேர் அந்தக் குழுவில் இருக்கிறோம்? இருக்கிறவர்கள் என்ன செய்கிறோம்? பிள்ளையை விடப் போகும்போது வாசலில் நோட்டை நீட்டினால் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுகிறோம். மராத்தியில் எழுதியிருக்கிறது, புரியவில்லை என்கிறோம். நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மராத்தி படிக்கிறவர்கள்தானே? வாசித்துச் சொல்லச் சொல்லக் கூடாதா? இட்லிக் கடை வைத்திருக்கும் நம் அம்மாக்களுக்கு உளுந்துக் கணக்கில் ஒரு ரூபாய் தப்பினால் தூக்கம் வராது. பள்ளிக் கணக்கை அவர்கள் முன் வைத்துப் பாருங்கள்.

1958 இல் அன்றைய சென்னை மாநிலத்தில், காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. முதலாவது கடம்பத்தூரில். பள்ளிக்கு என்ன குறை என்று ஊர் கூடிப் பட்டியல் போட்டார்கள். பலகை, பெஞ்சு, தேசப்படம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பொறுப்பேற்றார். நம் அப்பாக்களில் பலர் அப்படிக் கிடைத்த பலகையில் உட்கார்ந்து படித்தவர்கள். அங்கே ஊர் கொடுத்தது, அரசும் கொடுத்தது. பட்டியல் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. இங்கே ஒருத்தி மட்டும் கொடுக்கிறார், பட்டியல் அவர் கைப்பைக்குள் இருக்கிறது.

தாராவி மறுகட்டுமானக் கணக்கெடுப்பு நடந்திருக்கிறது. யாருக்கு இங்கே வீடு, யாருக்கு வேறெங்கோ என்ற கவலையில் எல்லாரும் இருக்கிறோம். குடும்பங்கள் சிதறினால் பிள்ளைகளின் தலைக்கணக்கு குறையும். தலைக்கணக்கு குறைந்தால் பணம் குறையும். மொட்டைச் சுவர்ப் பள்ளிக்கு யார் பிள்ளையை அனுப்புவார்? அதனால்தான் இதை இன்று பேசுகிறோம்.

இந்த ஆண்டு பொன்னாடை இல்லை. ஆசிரியப் பெருமக்கள் கோபிக்கமாட்டார்கள் என்று நம்புகிறோம். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு பள்ளியிலும் ஜூன் முதல் கைக்காசு போட்டு வாங்கியது என்ன என்று பட்டியல் எடுக்கிறோம். ஆசிரியர் பெயர் அதில் வராது. மேலிடத்தின் பொல்லாப்பு அவர்களுக்கு வேண்டாம். பொருள், விலை, மாதம் மட்டும். மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் நம் பெற்றோர் அதை வைத்து, தீர்மானமாக எழுதச் சொல்ல வேண்டும். எழுதிய பிறகுதான் கையெழுத்து. தமிழ்க் கதைப் புத்தகங்களுக்கான கோரிக்கை மராத்தியிலும் தமிழிலும் தயாராக இருக்கிறது. வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்க அறைக்கு வாருங்கள். குழுவில் இருக்கும் தாய்மார்கள் கட்டாயம் வரவேண்டும். ஆளுக்கு ஒரு நகல் தருகிறோம். அந்த ஜெராக்ஸ் செலவு சங்கக் கணக்கில்.