ஓய்வு பெறும் வங்க நண்பருக்கு



மத்திய அரசு அலுவலகங்களில் ஓய்வு நாள் யாருடைய விருப்பத்தையும் கேட்டு வருவதில்லை. 1998-ஆம் ஆண்டு முதல் பெரும்பாலோருக்கு 60 வயது என்பது விதி. வயது நிறைகின்ற மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் மாலையும் சால்வையும் வந்துவிடும். கூடவே ஒரு சுவர்க் கடிகாரமும் தருவார்கள். மணி பார்க்கும் அவசியம் தீர்ந்த அன்றுதானா கடிகாரம் தர வேண்டும் என்பது எங்கள் நெடுநாளைய ஐயம்.

அவ்வாறு இம்மாதம் தில்லியில் விடை பெறுகிறார், எங்கள் மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு மென்பொருள் எழுதித் தந்த வங்காள நண்பர் ஒருவர். அவருக்குத் தமிழ் பேச வராது. ஆயினும் தமிழ் எழுத்தின் உடற்கூற்றை அவரைப்போல் அறிந்தவர் எங்களுள் இலர்.

யூனிகோடு எனும் பொதுக் குறியீடு 1991-இலேயே வெளிவந்தது. எனினும் அது கணிப்பொறிகளில் வேரூன்றுவதற்குள் அவரவர் தமக்குக் கிடைத்த எழுத்துருவில் தமிழைத் தட்டெழுதி வைத்துவிட்டனர். தமிழக அரசு 1999-இல் டாம், டாப் என இரு குறியீடுகளை வகுத்து, பின்னர் 2010-இல் யூனிகோடை ஏற்றது. இதற்கிடையே சேர்ந்த எங்கள் பழைய கோப்புகளைப் புதிய கணிப்பொறியில் திறந்தால், தமிழ் இருந்த இடத்தில் பொருளற்ற குறிகளே நின்றன. பல்லாண்டு உழைப்பு கண்முன் இருந்தும் படிக்க முடியவில்லை.

எண்ணுக்கு எண் மாற்றிவிட்டால் போதுமே என்று நாங்கள் நினைத்தோம். நண்பர் ‘கொ’ என்ற எழுத்தைக் காட்டினார். பழைய முறையில் கொம்பு, ககரம், கால் என்று கை எழுதும் வரிசையில் அது பதிவாகியிருக்கும். புதிய முறையிலோ ககரம் முதலில், உயிர்க்குறி பின்னர். ஆகவே வரிசையையே திருப்ப வேண்டும். வங்க எழுத்திலும் ‘கோ’வுக்கு முன்னே ஒரு குறி, பின்னே ஒரு குறி உண்டாம். “இது எங்கள் வீட்டுச் சங்கதி” என்று சிரித்தார்.

அதைவிடப் பெரிய தொல்லை ‘தெளிவு’ என்ற சொல்லால் வந்தது. பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரக் குறிக்கும் ளகரத்துக்கும் ஒரே எண். கணிப்பொறி ‘தெள’ என்பதைத் ‘தௌ’ என்று கொண்டு, தெளிவையே தெளிவில்லாமல் ஆக்கியது! ளகரத்தை அடுத்துப் புள்ளியோ இகரக் கொக்கியோ வந்தால் அது எழுத்து, வராவிடில் பெரும்பாலும் குறி என்று அவர் விதி செய்தார். எஞ்சியவற்றை நாங்கள் கண்ணால் பார்த்துத் திருத்தினோம்.

இத்தகைய விதிகள் ஒருவர் மனத்தில் மட்டும் இருந்துவிட்டால், அவர் போன மறுமாதமே மென்பொருள் அநாதையாகிவிடும். ஏன் அவ்வாறு எழுதினார் என்பது தெரியாமல் அதில் கைவைக்க எவரும் அஞ்சுவர். எங்களுக்கும் அந்தக் கவலை இருந்தது. நண்பரோ கடைசி மூன்று மாதங்களில் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. ஒவ்வொரு விதிக்கும் ஒரு தமிழ்ச் சொல்லை உதாரணமாகக் கேட்டு வாங்கி, காரணத்தையும் குறித்து, பக்கத்தில் ஓர் இளைஞரை அமர்த்திக் கற்பித்தார். மேலதிகாரிகள் இதை வேலை என்று கணக்கில் கொண்டார்களோ என்னவோ, நாங்கள் கொண்டோம்.

இனி அவர் கொல்கத்தா செல்கிறார். நள்ளிரவில் அலுவலகத் தொலைபேசி ஒலிக்காத உறக்கமும், தம் தாய்மொழியைத் தெருவில் கேட்கும் சுகமும் அவருக்கு வாய்க்கட்டும். அச்சுகத்தின் அருமை பிற மாநிலங்களில் வாழும் உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இவ்வாழ்த்தை அவருக்கு ஹிந்தியில் பெயர்த்துச் சொல்லும் பொறுப்பு எங்களுடையது. இதையாவது தாமதமின்றி முடித்துத் தருகிறோம்.