ஆன்லைன் கடை பேரில் வரும் தூண்டில்
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், தவணை என்று பேசும் இடத்தில் இன்றைக்கு செல்போனைப் பற்றிப் பேசப் போகிறோம். ரெண்டும் வேற வேற இல்லீங்க. நம்ம வங்கிக் கணக்கு இப்போ போனுக்குள்ளே வந்தாச்சு. சேலை, குக்கர், பிள்ளைங்களுக்குச் செருப்பு என்று பலதையும் போனிலேயே பார்த்து ஆர்டர் போடுகிறோம். திருடனும் அங்கேயே வந்துவிட்டான்.

இந்தத் திருட்டுக்கு 'ஃபிஷிங்' என்று பேர். மீன் பிடிப்பது போல, இரை வைத்துத் தூண்டில் போடுவது. நமக்குத் தெரிந்த கடை, வங்கி, தபால்துறை பேரில் ஒரு இமெயில் வரும். "எங்களுக்கு ஏது இமெயில்?" என்று கேட்பீர்கள். ஸ்மார்ட்போன் வாங்கியபோது கடைக்காரரோ பிள்ளைகளோ ஒரு ஜிமெயில் போட்டுத் தந்திருப்பாங்க. அதற்குத்தான் வரும். இதே தூண்டில் எஸ்.எம்.எஸ்.ஸிலும் வாட்ஸ்அப்பிலும் கூட வரும்.

என்னென்ன இரை வைக்கிறார்கள்?

ஒன்று, பயம். "உங்கள் பார்சல் முகவரி தவறு, 24 மணி நேரத்தில் சரி செய்யாவிட்டால் திரும்பிப் போய்விடும், சின்னத் தொகை கட்டுங்கள்" என்று வரும். 2024-ல் இந்தியத் தபால்துறை பேரிலேயே இப்படிச் செய்தி பரவியது. தபால்துறை அப்படி அனுப்புவதில்லை என்று மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மை சரிபார்ப்புப் பிரிவு எச்சரித்தது. அவன் குறி அந்தச் சின்னத் தொகை இல்லை. அதைக் கட்ட நாம் தட்டுகிற கார்டு நம்பரும் ரகசிய எண்ணும்தான்.

இரண்டு, ஆசை. தீபாவளி, பொங்கல் நெருங்கினால் போதும். "99 ரூபாய்க்கு மிக்ஸி", "உங்களுக்குக் கார் பரிசு" என்று வரும்.

மூன்று, நம்ம காசையே காட்டுவது. "நீங்கள் திருப்பி அனுப்பிய பொருளுக்குப் பணம் வர வேண்டியிருக்கிறது, இங்கே அழுத்துங்கள்" என்பான். ஒன்றை மட்டும் மனசில் வையுங்க. பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் நம்பர் தேவையே இல்லை. நாம் பணம் கொடுக்கும்போதுதான் அது வேண்டும். "வாங்கிக்கொள்ள பின் போடு, கட்டத்தை ஸ்கேன் பண்ணு" என்று எவன் சொன்னாலும் அவன் எடுக்கப் பார்க்கிறான் என்று அர்த்தம். பார்சல் கொடுக்கும்போது டெலிவரிக்காரர் ஒரு நம்பர் கேட்பார். அதையும் பொருள் கைக்கு வந்த பிறகு, மெசேஜை முழுசாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மேலே தெரியும் பேரை நம்பாதீர்கள். அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ என்று யார் வேண்டுமானாலும் பேர் போட்டுக்கொள்ளலாம். பேரைத் தொட்டால் முழு முகவரி தெரியும். அதைக் கடைசியிலிருந்து படியுங்கள். நம்ம பேரில் இன்ஷியல் முன்னாலும் சொந்தப் பேர் பின்னாலும் இருக்கிறதல்லவா, அந்த மாதிரிதான். 'அமேசான் டாட் பரிசு டாட் காம்' என்று இருந்தால் அது அமேசானுடையது இல்லை, 'பரிசு' என்கிறவனுடையது. சில முகவரியில் ஓ எழுத்துக்குப் பதில் பூஜ்யம் இருக்கும். பூட்டுப் படம் இருக்கிறதே என்றும் ஏமாற வேண்டாம், திருடனும் பூட்டு வாங்கலாம்.

வங்கி விஷயத்தில் நமக்கு ஒரு புது அடையாளம் கிடைத்திருக்கிறது. வங்கிகள் தங்கள் இணைய முகவரியை 'பேங்க் டாட் இன்' என்று முடியும்படி மாற்ற வேண்டும் என ரிசர்வ் வங்கி 2025-ல் உத்தரவிட்டது. இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

சந்தேகம் வந்தால் மெயிலில் உள்ள லிங்க்கைத் தொடாதீர்கள், அதிலுள்ள போன் நம்பருக்கும் பேசாதீர்கள். எப்போதும் ஆர்டர் போடும் ஆப்பை நாமே திறந்து 'மை ஆர்டர்ஸ்' பார்ப்போம். நிஜமாகவே பிரச்சினை என்றால் அங்கே தெரியும். "பில் இருக்கிறது" என்று ஏ.பி.கே. ஃபைல் வந்தாலும் திறக்க வேண்டாம்.

வந்துவிட்டால் என்ன செய்வது?

பணம் போகவில்லை, மெயில் மட்டும் வந்திருக்கிறது என்றால் மூன்று புள்ளியைத் தொட்டு 'ரிப்போர்ட் ஸ்பேம்' கொடுங்கள். கம்ப்யூட்டரில் 'ரிப்போர்ட் ஃபிஷிங்' என்றே இருக்கும். எஸ்.எம்.எஸ்., வாட்ஸ்அப், போன் அழைப்பு என்றால் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் 'சக்ஷு' பகுதியில் தெரிவிக்கலாம். இது 2024-ல் வந்தது. நாம் தெரிவித்தால் அடுத்த ஊர்க்காரி தப்பிப்பாள்.

பணம் போய்விட்டதா? உடனே 1930-க்குப் போன் போடுங்கள். எந்த வங்கி, எவ்வளவு பணம், எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் நிறுத்தத்தான் இந்த ஏற்பாடு. கையோடு வங்கிக்கும் சொல்லி கார்டையும் யு.பி.ஐ.யையும் முடக்குங்கள். பிறகு 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளத்தில் புகார் பதிவு செய்யுங்கள். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் போகலாம். வந்த மெயிலையும் மெசேஜையும் அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. ஆள்மாறாட்டம் செய்து கம்ப்யூட்டர், போன் வழியாக ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

ஏன் இத்தனை அவசரம்? ரிசர்வ் வங்கி 2017-ல் ஒரு விதி கொண்டு வந்தது. நாமே ரகசிய எண்ணைக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம் தலையில். தெரிவித்த பிறகு போனால் வங்கியின் பொறுப்பு என்றது அந்த விதி. காலையில் ஏமாந்தவள் சாயங்காலம் வரை வாய் திறக்காமல் இருந்தால் என்ன ஆகும், நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆனால் நம்ம பெண்கள் வாய் திறப்பதில்லை. "வீட்டுக்காரர் திட்டுவார், போனைப் பிடுங்கிக்கொள்வார், குழுவில் சிரிப்பார்கள்" என்று மறைக்கிறார்கள். அந்தப் பயம்தான் திருடனுக்குக் கூட்டாளி. ஒரு உறுப்பினருக்கு மாடு வாங்கக் கொடுத்த கடன் பணம் இப்படிப் போனால் மாடும் இல்லை, தவணையும் நிற்காது. அந்தச் சுமை குழு முழுவதற்கும் வரும். அதனால் இது ஒருத்தி வீட்டு விஷயம் இல்லை.

எனவே ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுவோம். தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் 1930 என்று பெரிதாக எழுதுவோம். சந்தேகமான மெயில் யாருக்கு வந்தாலும் கூட்டத்தில் காட்டி எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். ஏமாந்தவளை "ஏன் கொடுத்தே?" என்று கேட்பதற்கு முன்னால், பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்காகப் போன் போட்டுக் கொடுப்போம். பத்து ரூபாய், இருபது ரூபாயாகச் சேர்த்த பணம். அதைக் காப்பதும் சேமிப்புதான்.