லேப்டாப் கொதித்தால் டிஸ்க்குக்கு என்ன ஆகும்?

(சங்கக் கூடத்தில் ஞாயிறு காலை பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் நம் சங்க அலுவலக லேப்டாப் திடீரென்று நின்று போனது பலருக்குத் தெரியும். ஐந்து வருடப் பராமரிப்புக் கணக்கு, லிஃப்ட் ஒப்பந்தம், கார்பஸ் ஃபண்டு விவரம் எல்லாம் அதில்தான். ஆற வைத்ததும் திரும்ப ஓடியது. அன்று ராத்திரியே எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டோம்.

என் வீட்டில் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லைங்க. நாலு வருடம் முன்னால், சித்திரை மாதம். எங்களுடையது மொட்டை மாடிக்கு அடுத்த வீடு. ராத்திரியிலும் கூரை அனல் கக்கும். அம்மாவின் கடைசி வருடப் படங்களைப் போனிலிருந்து லேப்டாப்புக்கு மாற்றினேன். போனில் இடமில்லை என்று அங்கே அழித்தும் விட்டேன். லேப்டாப்பில் ஏதோ அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. மெத்தை மேலேயே வைத்து, சார்ஜரையும் மாட்டிவிட்டுத் தூங்கிப் போனேன். காலையில் தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது. உள்ளே 'டக், டக்' என்று சத்தம். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். நானும் வைத்தேன். அதை மட்டும் யாரும் செய்யாதீங்க. வெளியே எடுத்ததும் குளிர்ந்த டிஸ்க்கின் மேல் ஈரம் பூக்கும். இருந்த கொஞ்ச வாய்ப்பும் அதோடு போய்விடும். என் படங்கள் திரும்பி வரவில்லை.

சாதாரண லேப்டாப் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது நொடிக்கு 90 சுற்று சுற்றும். அதன்மேல் படிக்கும் முனை தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில், காற்றின் மெத்தையில் மிதக்கிறது. வெப்பம் ஏறினால் உலோகம் விரியும், மோட்டாரின் மசகு இளகும். தயாரிப்பாளர்கள் சொல்லும் மேல் எல்லை பெரும்பாலும் 55 அல்லது 60 டிகிரி. ஒரு விஷயம் என்னவென்றால், டிஸ்க் தானாக உண்டாக்கும் சூடு கொஞ்சம்தான். பக்கத்தில் இருக்கும் பிராசஸரும் சார்ஜ் ஏறும் பேட்டரியும்தான் அதை வேக வைக்கின்றன. அறையே 36 டிகிரியில் இருக்கும்போது, கீழே இருக்கும் காற்றுத் துளையை மெத்தை அடைத்துக்கொண்டால் 55-ஐத் தொட அதிக நேரம் ஆகாது.

இன்னொரு எதிரி தூசி. ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: ஃபேனுக்கும் அதன் எதிரே உள்ள செம்புத் தகடுகளுக்கும் நடுவில் பஞ்சு மெத்தை மாதிரி ஒரு படலம் கட்டிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஃபேன் கத்தும், காற்று மட்டும் வராது. சுத்தம் செய்யும்போது லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, ஃபேன் இறக்கையைக் குச்சியால் பிடித்துக்கொண்டு காற்றடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபேன் கண்டபடி சுற்றிக் கெட்டுவிடும். டிஸ்க்கின் மேல் சின்ன மூச்சுத் துளை ஒன்று இருக்கும். அதை ஸ்டிக்கர் ஒட்டி மூடக்கூடாது, அதற்குள் காற்றும் அடிக்கக்கூடாது.

சூட்டை அளக்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். திறந்ததும் டிகிரி தெரியும். 50-ஐத் தாண்டினால் பெரிய வேலைகளை நிறுத்தி, கீழே கெட்டியான பலகை வைத்து, பின்பக்கத்தை இரண்டு புத்தகத்தால் உயர்த்துங்கள். டேபிள் ஃபேன் காற்று பட்டாலும் நன்றாக இறங்கும். ஈரத்துணி வேண்டாம். அதே பக்கத்தில் 05, சி5 என்ற வரிகளையும் பாருங்கள். மஞ்சள் நிறம் காட்டினால் டிஸ்க்கின் சில பகுதிகள் ஏற்கெனவே தேறாமல் போகின்றன என்று பொருள்.

ஆனால் நீல நிறம் காட்டுகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. 2007-இல் கூகுள் நிறுவனத்தார் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாம் நினைக்கிற அளவுக்குச் சூடும் பழுதும் கைகோத்துப் போகவில்லை. மிக அதிகச் சூட்டிலும், வயதான டிஸ்க்குகளிலும்தான் சூட்டின் பாதிப்பு தெரிந்தது. அதைவிட முக்கியம், செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், முக்கியமான நாலு எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்தன. அதனால்தான் ஃபேனைத் துடைப்பதற்கு முன்னால் நகல் எடுங்கள் என்கிறேன். ஒன்று வெளி டிஸ்க்கில், இன்னொன்று வீட்டுக்கு வெளியே, மகன் வீட்டிலோ கிளவுடிலோ. 'டக், டக்' சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்ற ஆசைதான் தட்டைக் கீறுகிறது.

2011-இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப்புகளில் சில இன்னும் நம் வளாகத்தில், வேலைக்கு வரும் அக்காமார் பிள்ளைகள் கையில் ஓடுகின்றன. ரேம் குறைவு என்பதால், நினைவகம் போதாமல் டிஸ்க்கையே ஓயாமல் புரட்டும். அவற்றுக்கு எஸ்எஸ்டி மாற்றுவதே நல்ல வழி. சுற்றும் தட்டு இல்லை, வேகமும் கூடும். எஸ்எஸ்டியும் சுடும், ஆனால் சூடு ஏறினால் பெரும்பாலும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

வரும் ஞாயிறு பத்து மணிக்கு இதே கூடத்தில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருப்பேன். சார்ஜரும் காலியான வெளி டிஸ்க் ஒன்றும் கொண்டு வாங்க. முதலில் நகல், அப்புறம்தான் மூடியைக் கழற்றுவேன்.