தச்சுக் கொட்டகைக்குத் தூசி உறிஞ்சும் மிஷின்



வெள்ளாமை இல்லாத மாதங்களில் வீட்டோடு ஒரு கொட்டகை போட்டு, கதவு, ஜன்னல், கட்டில் என்று செய்து கொடுக்கிறவர்கள் நம்மில் பலர் உண்டு. கையால் இழைத்த காலத்தில் சீவல் சுருள் சுருளாகக் காலடியில் விழுந்தது. பெருக்கி அடுப்பில் போட்டோம். ரம்ப மிஷினும் உப்புத்தாள் மிஷினும் வந்த பிறகு கதை வேறே. மாவு மாதிரி தூள் கிளம்புகிறது.

பெரிய தூள் தரையில் விழுந்துவிடும். கண்ணுக்கே தெரியாத நைஸ் தூள்தான் மணிக்கணக்கில் காற்றில் மிதந்து நெஞ்சுக்குள் இறங்கும். இருமல், இளைப்பு, தோல் அரிப்பு எல்லாம் இதனால் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1995-ல் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் ஒன்றாகவே சேர்த்துவிட்டது. மூக்கின் உள்ளே வருகிற புற்று அது. 'துண்டைக் கட்டிக்கிட்டா போதுமே' என்பார்கள். போதாது. நைஸ் தூள் துணிக்குள் நுழைந்து போகும்.

தூசி உறிஞ்சும் மிஷின் பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. ஒரு மோட்டார், ஒரு விசிறி, ஒரு குழாய், ஒரு பை. சின்னக் கொட்டகைக்கு 1 எச்.பி. மோட்டாரும் 4 அங்குலக் குழாயும் உள்ளது போதும், ஒரு நேரத்தில் ஒரு மிஷினுக்கு மட்டும் உறிஞ்சினால். நம்ம பம்புசெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் நீளமானால், வளைவு கூடினால் தண்ணீர் குறைகிறதல்லவா? இங்கேயும் அதேதான். குழாயைக் குட்டையாக வையுங்கள். தூள் கிளம்புகிற இடத்துக்குப் பக்கத்திலேயே வாயை வையுங்கள். ஒரு முழம் தள்ளி வைத்தால் சத்தம்தான் மிச்சம்.

விசிறிக்கு முன்னால், மூடி போட்ட டிரம் ஒன்றைக் காற்றுக் கசியாமல் இணைப்பது நல்லது. சீவலும் ஆணியும் அதிலேயே விழுந்துவிடும். ஆணி விசிறியில் அடித்துப் பொறி கிளம்பினால், பையிலிருக்கும் தூள் கனன்று தீப்பிடிக்கும். அது உடனே தெரியாது, ராத்திரியில்தான் புகையும். கூரைக் கொட்டகை என்றால் சொல்ல வேண்டியதே இல்லை. அதனால் மாலையில் பையையும் டிரம்மையும் காலி செய்துவிடுங்கள். அப்போது என்95 முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். மோட்டாருக்கு எர்த் கட்டாயம்.

குளிர் தேசத்தில் அறையின் சூடு போய்விடுமென்று காற்றை வடிகட்டி உள்ளேயே விடுகிறார்கள். நமக்கு அந்தக் கவலை ஏது? மிஷினைச் சுவருக்கு வெளியே, மழை படாமல் சாய்ப்பு இறக்கி வையுங்கள். பையிலும் கசிகிற நைஸ் தூள் வெளியே போய்விடும். வீட்டு வாசல், மாட்டுக்கொட்டகை, நெல் காயும் களம் இந்தப் பக்கமெல்லாம் வேண்டாம்.

சேர்ந்த தூளைப் பச்சையாக வயலில் கொட்டாதீர்கள். அது மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். சாணத்தோடு குப்பைக்குழியில் போட்டு நன்றாக மக்கவிட்டு அப்புறம் போடுங்கள். பிளைவுட் தூளில் பசை இருக்கிறது. அதை மாட்டுக்கும் விரிக்க வேண்டாம், குழியிலும் சேர்க்க வேண்டாம்.