விறகுக்கு ஒரு கூரை

(பினாங்கு, ஜார்ஜ் டவுனில் கூடிய தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஒரு தோட்டக் கிராணி ஆற்றிய உரை)

 

சம்பளம், போனஸ் இவற்றைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கொடுத்த நேரத்தில் நான் விறகைப் பற்றிப் பேசப் போகிறேன். பின் வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. செபராங் பிறையிலிருந்து ஃபெரி ஏறி வந்தது விறகுப் பேச்சைக் கேட்கத்தானா என்று நினைக்கிறீர்கள் போலும். கேஸ் தோம்பு வந்துவிட்ட காலத்தில் விறகு எதற்கு என்றும் கேட்பீர்கள். உங்களையே கேட்கிறேன். உங்கள் லயத்துக் கொல்லையில் மூன்று கல் வைத்த அடுப்பு இல்லாத வீடு எத்தனை? குளிக்க வெந்நீர், கோயில் திருவிழாவுக்குப் பொங்கல், கல்யாணச் சமையல், மாதக் கடைசியில் தோம்பு காலியாகும்போது இரவுச் சோறு, இவையெல்லாம் எதில் வேகின்றன? கை தூக்கச் சொன்னால் சிரித்தவர்களும் தூக்குவார்கள்.

ஒரு பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். என் பாட்டனார் பால் வெட்டியவர். பின்னால் புகைவீட்டில் நெருப்புப் போடும் வேலைக்குப் போனார். அந்தக் காலத்தில் பாலை உறையவைத்து, மெஷினில் கொடுத்து, ஷீட்டாக்கி, நாட்கணக்கில் புகையில் தொங்கவிடுவார்கள். சூடு கூடினால் ஷீட்டில் கொப்புளம் விழும். குறைந்தால் காயாது, பூஞ்சை பிடிக்கும். ஆகையால் ஒரே சீராக எரியும் காய்ந்த விறகு வேண்டும். அதற்கென்று புகைவீட்டின் பக்கத்தில் தகரக்கூரை போட்ட கொட்டகை ஒன்று இருந்ததாம். பகல் முழுவதும் அந்தக் கொட்டகையில் காய்ந்த கட்டையை எடுத்து எடுத்து நெருப்பில் போட்டுவிட்டு, மாலையில் அவர் லயத்துக்குத் திரும்புவார். பாட்டியோ மழையில் நனைந்த கட்டையை ஊதி ஊதிக் கண் சிவந்து உட்கார்ந்திருப்பார். ரப்பர் ஷீட்டுக்குக் காய்ந்த விறகு, தொழிலாளி வீட்டுச் சோற்றுக்கு ஈர விறகு! பாட்டனார் இதைக் கோபமாகச் சொன்னதில்லை. தோட்ட வழக்கம் அப்படி என்று சொல்லுவார். எனக்குத்தான் கோபம் வரும்.

1965-இல் தரப்படுத்திய கட்டி ரப்பர் முறை வந்தது. அதற்குப் பின் புகைவீடுகள் படிப்படியாகக் குறைந்தன. லயத்து அடுப்பு மட்டும் கூரையில்லாத விறகை எரித்துக்கொண்டே இருந்தது.

இந்தத் தீவில் டவுன் மக்கள் பக்காவ் விறகும் கரியும் விலைக்கு வாங்கி எரித்தார்கள். பேராக்கில் மாத்தாங் சதுப்புக் காட்டை முப்பது வருஷச் சுற்றில் வெட்டி, கோலா செபெதாங் சூளைகளில் கரி சுடுவது பழைய தொழில். பக்காவ் கெட்டியான மரம். கரி நனைந்தால்கூட வெயிலில் போட்டுக் காயவைத்துக் கொள்ளலாம். நமக்குக் கிடைத்ததோ பால்மரம். அதன் குணம் வேறு. பால்மரத்துக் கட்டையில் மாவுச்சத்து அதிகம். வெட்டிப் போட்ட சில நாட்களிலேயே நீலக்கறை பூஞ்சை ஏறும். பின்னால் துளைவண்டு புகுந்து மாவாக உதிர்க்கும். பலகை ஆலைக்காரர்கள் மரத்தை அறுத்த உடனே மருந்தில் ஊறவைத்துச் சூளையில் காயவைப்பது இதனால்தான். அந்த வித்தை தெரிந்த பிறகுதான், 1980-களில், நம் அடுப்பில் எரிந்த மரம் நாற்காலியாகவும் மேஜையாகவும் கப்பல் ஏறியது.

அதனால் நமக்கு ஒரு நஷ்டமும் வந்தது. முன்பு மறுநடவுக்கு மரம் சாய்த்தால் வேண்டியதை எடுத்துக்கொள் என்பார்கள். இப்போது அடிமரம் குத்தகைக்காரருடைய சொத்து. நமக்கு மிஞ்சுவது கிளைதான். கிடைக்கிற கொஞ்சத்தையும் மழையில் போட்டு மக்கவிட்டால் யாருக்குப் பிரயோஜனம்?

புதிதாக வெட்டிய பால்மரத்தில், காய்ந்த கட்டையின் எடையில் பாதிக்கும் மேலாகத் தண்ணீர் இருக்கும். அதை அடுப்பில் வைத்தால் நெருப்பு முதலில் அந்தத் தண்ணீரைத்தான் கொதிக்க வைக்கிறது. பிறகுதான் உங்கள் பானையை. இடைப்பட்ட நேரத்துப் புகையெல்லாம் அடுப்பின் முன் குந்தியிருக்கிற பெண்ணின் நெஞ்சுக்குள் போகிறது. விறகுப் புகையால் நுரையீரல் நோயும் இருதய நோயும் வருகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனம் பல வருஷமாக எச்சரிக்கிறது. விடியுமுன் எழுந்து, பால் வெட்டி, வாளி சுமந்து வந்த நெஞ்சு அது. ஆண்கள் கொஞ்சம் யோசிக்கவேண்டும். காய்ந்த விறகிலும் புகை உண்டு என்பதை மறுக்கவில்லை, ஆனால் குறைவு.

இனி என் குற்றம் ஒன்றைச் சொல்லவேண்டும். சில வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த தோட்டத்தில், லயத்துக் கொல்லையில் இருக்கும் கொட்டகைகளை ஏழு நாளில் பிரிக்கவேண்டும் என்று நிர்வாகம் உத்தரவு போட்டது. பாம்பு அடைகிறது, பார்வைக்கு அசிங்கம், தீப்பிடிக்கும் என்று காரணம் சொன்னார்கள். காரணங்கள் முழுப் பொய்யும் அல்ல. பழைய சாக்கும் உடைந்த தகரமும் வைத்துக் கட்டிய கொட்டகைகள்தான் அவை. சில வீட்டுச் சுவரோடு ஒட்டியே இருந்தன. அந்த நோட்டீசைத் தட்டச்சு செய்தவன் நான். கையெழுத்து வாங்கி, பெரட்டுக் களத்தில் ஒட்டியவனும் நான்.

மறுநாள் ஒரு அம்மா அந்த நோட்டீசைக் கிழித்து எடுத்துக்கொண்டு ஆபீசு வாசலுக்கு வந்தார். “கிராணித் தம்பி, எனக்கு எழுத்துத் தெரியாது. இதுல என்ன போட்டிருக்கு?” என்றார். என் வார்த்தைகளை நானே படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அவர் சண்டை போடவில்லை. “சரிப்பா, வெறக எங்க வைக்கிறது? அதையும் போட்டிருக்கா?” என்று கேட்டார். அது நோட்டீசில் இல்லை. அந்த மழைக்காலம் முழுவதும் அவர் கட்டிலுக்கு அடியில் விறகை வைத்திருந்தார். கூடவே கரையானும் வந்தது.

அதற்குப் பிறகுதான் கிளைக் கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தேன். “கிராணி எழுதினார், கிராணியே கேட்கட்டும்” என்று ஒருவர் சொன்னார். நியாயந்தான். நிர்வாகத்திடம் கொட்டகை வேண்டும் என்று மட்டும் போய் நின்றால், முன்பு சொன்ன மூன்று காரணங்களையே திருப்பிச் சொல்வார்கள். ஆகவே அந்த மூன்றுக்கும் பதில் சொல்கிற ஒரு வரைபடத்தோடு போனோம்.

வீட்டுச் சுவரிலிருந்து பத்தடி தள்ளிக் கட்டுவது. எல்லா வீட்டுக்கும் ஒரே கோட்டில், கால்வாய்க்கு மேட்டுப் பக்கமாக. எட்டடி நீளம், நாலடி அகலம். ஆறு கால்கள், கால்களை மண்ணில் புதைக்காமல் சிமெண்டுக் கட்டையின் மேல் நிறுத்துவது. மண்ணில் புதைத்த பால்மரக் கால் கரையானுக்கு விருந்து. தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் சட்டம் அடித்து அதன்மேல் விறகு. அடியில் வெளிச்சம் தெரியும், பாம்பு படுத்தாலும் கண்ணில் படும், கூட்டிப் பெருக்கலாம். கூரை முன்பக்கம் ஏழடி, பின்பக்கம் ஆறடி. தண்ணீர் வீட்டுப் பக்கம் விழாது. கூரை விளிம்பு ஒன்றரை அடி வெளியே நீளவேண்டும். நம் பக்கத்தில் விடியற்காலையில் சுமத்ரா காற்று மேற்கிலிருந்து மழையை அடித்துக்கொண்டு வருவது உங்களுக்குத் தெரியும். மேற்கில் மட்டும் பலகை அடிக்கவேண்டும். அதிலும் பலகைக்குப் பலகை ஒரு விரல் இடைவெளி. மற்ற மூன்று பக்கமும் திறப்பு. நாலு பக்கமும் அடைத்தால் விறகு காயாது, வேகும். பாலித்தீன் போட்டு மூடுகிறவர்கள் இந்தத் தவற்றைத்தான் செய்கிறார்கள்.

கூரைக்குப் புதுத் தகரம் கிடைக்காவிட்டால் பழைய தகரம் போதும். ஆனால் பழைய லயத்துக் கூரையிலிருந்து உடைந்து கிடக்கும் அஸ்பெஸ்டாஸ் ஓட்டை எடுக்காதீர்கள். அதை அறுத்தால் பறக்கும் தூசு புற்றுநோய் தரும். மருந்தில் ஊறிய பலகைத் துண்டுகளை அடுப்பில் போடாதீர்கள். புல் மருந்துப் பம்பையும் போத்தலையும் விறகோடு வைக்கவே கூடாது. பாராகுவாட் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. மற்ற மருந்துகளும் பால் அல்ல.

கட்டையை முழுதாக அடுக்காமல் பிளந்து அடுக்குங்கள். முழங்கை நீளம் போதும். கொட்டகையை நடுவில் ஒரு சட்டம் வைத்து இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் எரிக்கிற விறகு, வலப்பக்கம் காய்கிற விறகு. இடப்பக்கம் தீர்ந்ததும் வலப்பக்கத்தை எரிக்கத் தொடங்கி, இடப்பக்கம் புதிது அடுக்குங்கள். வீட்டில் எல்லாரும் இதைச் செய்வார்கள் என்று நம்பாதீர்கள். என் வீட்டிலேயே மறந்துவிடுகிறார்கள்.

நிர்வாகத்தோடு மூன்று முறை பேசினோம். வீட்டு வசதிக்கு 1966-இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1990-இல் 446-ஆம் சட்டம் வந்தது. வீடு, தண்ணீர், மின்சாரம், ஆயாக் கொட்டகை, மருத்துவம் ஆகியவற்றுக்கு அதைக் காட்டிப் பேசலாம். விறகுக் கொட்டகைக்கு நாம் காட்டியது அந்த வரைபடத்தைத்தான். மூன்றாம் முறை எழுத்தில் அனுமதி கிடைத்தது. மறுநடவில் கைத்தடிமன் அளவுக்குட்பட்ட கிளைகள் தொழிலாளருக்கு என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்தோம். வாய்ச்சொல்லை வாங்கிக்கொண்டு வராதீர்கள்; மேனேஜர் மாறினால் வாய்ச்சொல்லும் மாறிப்போகும். இதை ஒரு கிராணி சொல்கிறேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங்கில் பதினொரு கொட்டகை எழுந்தது. முதல் கொட்டகை எழுத்துத் தெரியாத அந்த அம்மாவுக்கு. அனுமதிக் கடிதத்தையும் நானே அவருக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

கடைசி லயத்து ஐந்து வீட்டுக்கு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அங்கே கால்வாய் வீட்டை ஒட்டி ஓடுவதால் பத்தடி தள்ள இடமில்லை. எட்டடிக்குச் சம்மதம் கேட்டு எழுதியிருக்கிறோம், பதில் வரவில்லை. வரைபடத்தின் நகல்கள் வாசல் மேஜையில் இருக்கின்றன. கிளைச் செயலாளர்கள் ஃபெரிக்குப் போகுமுன் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். அளவுகளை உங்கள் லயத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம்.