உடைந்த கட்டும் உடைகின்ற கட்டும்



2018ஆம் ஆண்டு டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பெருவெள்ளம் சூழ்ந்ததும், இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டதும் நீங்கள் அறிந்தவையே. அத்தகைய மாரியிரவில் ஒருவர் ஓடிவந்து, 'உடைகின்ற கட்டு' என்கிறாரா, 'உடைந்த கட்டு' என்கிறாரா என்பதில் ஓர் ஊரின் உயிரே தங்கியிருக்கின்றது. முன்னதாயின் மண்மூட்டை சுமந்து கட்டுக்கு ஓடவேண்டும். பின்னதாயின் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுநிலத்துக்கு ஓடவேண்டும்.

ஆங்கிலத்தில் இவ்வேறுபாட்டை உணர்த்துவன பாட்டிசிப்பிள் எனப்படும் சொற்கள். வினையிற் பிறந்து பெயரைச் சிறப்பிப்பன அவை. 'பிறேக்கிங் பண்ட்' என்றால் உடைதல் இன்னும் முடியவில்லை. 'புறோக்கின் பண்ட்' என்றால் முடிந்துவிட்டது. இவ்விடத்தில் நாம் ஆள்வது பெயரெச்சம்.

ஆயினும் இரண்டும் முற்றும் ஒன்றல்ல. உடைந்த, உடைகின்ற, உடையும் எனப் பெயரெச்சம் காலத்தைத் தன்னுள்ளேயே காட்டும். ஆங்கிலச் சொல்லோ தொழில் முடிந்ததா, முடியவில்லையா என்பதையே காட்டும். காலத்தை வாக்கியத்தின் முற்றுவினை சொல்லும். ஆதலால் 'பிறசென்ற் பாட்டிசிப்பிள்' என்னும் பெயரைக் கண்டு, அது என்றும் நிகழ்காலமே என மாணவர் மயங்கலாகாது.

இன்னுமொன்று. 'புறோக்கின்' என்ற சொல்லிலிருந்து, கட்டுத் தானே உடைந்ததா, பிறர் உடைத்தனரா என்பது விளங்காது. தமிழோ 'உடைந்த கட்டு', 'உடைத்த கட்டு' என ஒரு மெய்யெழுத்தாலே பழியைப் பிரித்துவிடும். மொழிபெயர்ப்பவர் நடந்ததை விசாரித்தறியாமல் பேனாவை எடுத்தால், குற்றமற்றவர் மேல் குற்றம் ஏறிவிடும்.

பாட்டிசிப்பிள் வினையெச்சத்தின் வேலையையும் செய்வதுண்டு. அங்கேதான் நம் பிள்ளைகள் பெரிதும் இடறுகின்றனர். 'வோக்கிங் ஒன் த பண்ட், த பிறீச் வோஸ் சீன்' என்று ஒரு விண்ணப்பத்தில் எழுதினால், குளக்கட்டில் நடந்தது யார்? வாக்கிய அமைப்பின்படி, நடந்தது உடைப்பே! நடந்தவரை எழுவாயாக்கி, 'வோக்கிங் ஒன் த பண்ட், வீ சோ த பிறீச்' என எழுதினால் குற்றம் நீங்கும்.

இது நமக்குப் புதிய விதியன்று. 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என நன்னூலார் வகுத்துள்ளார். 'நாம் கட்டில் நடந்து உடைப்பைக் கண்டோம்' என்பதில் நடந்தவரும் நாமே, கண்டவரும் நாமே. வினைமுதல் வேறாயின் 'மழை பெய்யக் குளம் நிறைந்தது' எனச் 'செய' என்னும் எச்சத்தை ஆள்கிறோம்.

ஆகவே ஆங்கில எச்சத்தைக் கண்டு அஞ்சும் மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே: எழுதுமுன் இரண்டு வினாக்களைக் கேளுங்கள். தொழில் முடிந்ததா? தொழிலைச் செய்தவர் யார்? இவ்விரண்டுக்கும் விடை தெரிந்தால் எச்சம் பிழையாது.